குழிக்கு யார் ஜாமீன்?

கிராவலும் மணலும் எடுத்தபின் நிலத்தைச் சீராக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்கான பணத்தை யாரிடம், எப்போது, எவ்வளவு வாங்கி வைப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறது.

வாடகைக்கு வீடு பிடிப்பவர் சாவியைக் கையில் வாங்கும் முன் அட்வான்ஸ் தருகிறார். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஆகும் செலவைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிறார் வீட்டுக்காரர். இதை அநியாயம் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு குன்றையோ ஆற்றங்கரையையோ குத்தகைக்கு எடுத்து, 10 மீட்டர், 20 மீட்டர் ஆழம் தோண்டி, கிராவலும் ஜல்லியும் மணலும் லாரி லாரியாக ஏற்றி அனுப்பிவிட்டுப் போகிறவரிடம் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கப்படுகிறது? இரும்புத் தாது, நிலக்கரி போன்றவற்றுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிராவலுக்கும் மணலுக்கும் மாநிலத்துக்கு ஒரு விதி. அந்தப் பணம் பள்ளத்தைச் சீராக்கப் போதுமா என்று பார்த்தால் இரண்டு இடத்திலும் ஏமாற்றம்தான்.

இதன் விளைவைப் பார்க்க வெகு தூரம் போக வேண்டாம். தில்லியின் தெற்கு எல்லையைத் தாண்டி ஹரியானாவின் ஃபரீதாபாத் பக்கம் திரும்பினால் போதும். ஆரவல்லி மலையைக் குடைந்து கல்லும் மணலும் எடுத்த இடங்களில் இன்று நீல நிறத்தில் தண்ணீர் நிற்கிறது. பார்க்க ஏரி போலத்தான் இருக்கும். ஆனால் ஏரிக்கு உள்ள சரிவான கரை இதற்குக் கிடையாது. காலை வைத்தால் செங்குத்தாக ஆழம். இங்கே குளிக்க இறங்கிய இளைஞர்கள் மூழ்கி இறந்த செய்திகள் பல முறை வந்துவிட்டன. கைவிடப்பட்ட சுரங்கத்தைச் சுற்றி உறுதியான வேலி வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. வேலி போட வேண்டியவர் குத்தகை முடிந்து எப்போதோ கிளம்பிவிட்டார்.

சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரச்சினையைச் சந்தித்தது இப்படித்தான். 2002 மே மாதம் தில்லி எல்லையை ஒட்டிய ஆரவல்லிப் பகுதியில் சுரங்க வேலைக்குத் தடை விதித்தது. 2009 மே 8ஆம் தேதி இன்னும் ஒரு படி மேலே போய், மேவாத் உள்பட ஃபரீதாபாத், குர்கான் பகுதி ஆரவல்லி மலைத்தொடரில் சுமார் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் எல்லாச் சுரங்கங்களையும் நிறுத்தி வைத்தது. எதுவரை? தோண்டிய நிலத்தைச் சீராக்கும் திட்டம் ஒன்று தயாராகி, மாநில அரசும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் கோர்ட் நியமித்த குழுவும் அதற்குச் சான்று தரும்வரை. தோண்டும் முன்பே கையில் இருந்திருக்க வேண்டிய காகிதத்தைப் பல ஆண்டுகள் தோண்டிய பிறகு கோர்ட் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

சீராக்கப்பட்ட இடங்களும் இல்லாமல் இல்லை. தில்லியின் பாட்டி சுரங்கப் பகுதி ஒரு காலத்தில் தலைநகரின் கட்டடங்களுக்கு மணல் கொடுத்தது. சுரங்கம் மூடப்பட்டு 1991ல் அந்த நிலம் அசோலா வனவிலங்கு சரணாலயத்துடன் சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பிராந்திய ராணுவத்தின் சுற்றுச்சூழல் பணிப் படை அங்கே மரம் நட்டது. செலவு தில்லி அரசுடையது. குர்கானில் இதே போன்ற ஒரு பழைய சுரங்க நிலத்தில் 2010 முதல் உள்ளூர்க் குடிமக்களும் நகராட்சியும் சேர்ந்து ஆரவல்லிக்கே உரிய மரங்களை வளர்த்தார்கள். 2022ல் காப்புக்காடுகளுக்கு வெளியே உள்ள இயற்கைப் பாதுகாப்புப் பகுதி என்று நாட்டிலேயே முதலாவதாக அது அங்கீகாரம் பெற்றது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் இரண்டிலும் ஒரு விஷயம் பொது. தோண்டி எடுத்தவர் ஒருவர், செலவு செய்தவர் இன்னொருவர்.

25 காசுக் கணக்கு

நிலத்தைச் சீராக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தியச் சட்டத்துக்குப் புதிதல்ல. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைக்க வேண்டும், வேலை முடிந்த பகுதியைப் படிப்படியாகச் சீராக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு விதிகளிலேயே இருந்தது. பணத்தைப் பற்றித்தான் பேச்சில்லை. 2003 ஏப்ரலில் அந்த விதிகள் திருத்தப்பட்டன. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடும் திட்டம் கட்டாயம் ஆயிற்று. கூடவே ‘நிதி உத்தரவாதம்’ என்ற சொல்லும் வந்தது. பெரிய இயந்திரங்கள் இயங்கும் ‘ஏ’ பிரிவுச் சுரங்கம் என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு ஹெக்டேருக்கும் 25,000 ரூபாய்; மற்றவை ‘பி’ பிரிவு, 15,000 ரூபாய். குறைந்த அளவு முறையே 2 லட்சமும் 1 லட்சமும். சுரங்கத்தைச் சொன்னபடி மூடினால் பணம் திரும்ப வரும். இல்லாவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளும்.

2017ல் புதிய விதிகள் வந்தபோது இந்தத் தொகை ஹெக்டேருக்கு 3 லட்சமாகவும் 2 லட்சமாகவும் உயர்ந்தது. 2021 நவம்பரில் மீண்டும் ஏறி 5 லட்சம், 3 லட்சம் ஆயிற்று. இறுதி மூடும் திட்டத்தைக் குறித்த காலத்தில் தராவிட்டாலே உத்தரவாதப் பணம் பறிமுதல் என்ற விதியும் அப்போது சேர்ந்தது. பதினெட்டு ஆண்டில் இருபது மடங்கு உயர்வு. கேட்க நன்றாக இருக்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதை 10 மீட்டர் ஆழம் தோண்டினால் 1 லட்சம் கன மீட்டர் பள்ளம். 5 லட்சம் ரூபாயை அதில் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 5 ரூபாய். ஒரு டிப்பர் லாரியில் 10 கன மீட்டர் மண் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் லோடுக்கு 50 ரூபாய். இதற்குள் மண்ணை வெட்ட வேண்டும், ஏற்ற வேண்டும், கொண்டுவந்து கொட்ட வேண்டும், இறுக்க வேண்டும். டிரைவரின் டீச் செலவுக்குப் போக டீசலுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை வாசகரே யூகிக்கலாம். 2003ஆம் ஆண்டுத் தொகையில் இதே கணக்கைப் போட்டால் கன மீட்டருக்கு 25 காசு. லோடுக்கு இரண்டரை ரூபாய்.

எல்லாப் பள்ளத்தையும் நிரப்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கரையைச் சரித்து, மேல்மண் பரப்பி, மரம் வைத்தால் போதும் என்ற இடங்கள் உண்டு. அதற்குச் செலவு குறைவு. ஆழமான பள்ளத்தில் நிலத்தடி நீர் வெளிவந்துவிட்டால் செலவு பல மடங்கு. விதி இதையெல்லாம் பார்ப்பதில்லை. 5 மீட்டர் பள்ளத்துக்கும் 50 மீட்டர் பள்ளத்துக்கும் ஹெக்டேர் ஒன்றுக்கு ஒரே தொகை. இருபது மடங்கு உயர்த்தியும் கணக்கு இடிப்பதற்குக் காரணம் தொகை சிறியது என்பது மட்டுமல்ல. பரப்பை அளக்கிறார்கள், வேலையை அளக்கவில்லை.

விளைவு என்ன? வேலையை முடித்துப் பணத்தைத் திரும்பப் பெறுவதைவிடப் பணத்தை விட்டுவிட்டுப் போவதுதான் லாபம் என்று ஆகிறது. ஜாமீன் தொகையைவிடத் தப்பி ஓடுவது மலிவாக இருந்தால் ஜாமீனுக்கு என்ன மதிப்பு?

பட்டியலில் இல்லாத சரளை

இந்தக் குறைந்த பணம்கூட கிராவலுக்குப் பொருந்தாது. 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் கட்டடக் கல், கிராவல், சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவற்றைச் ‘சிறு கனிமங்கள்’ என்கிறது. அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுடையது. மேலே சொன்ன மத்திய விதிகள் பெரும் கனிமங்களுக்கு மட்டும். 2015 பிப்ரவரியில் சீனக் களிமண், சிலிகா மணல், ஜிப்சம், டோலமைட் உள்பட மேலும் 31 கனிமங்கள் சிறு கனிமப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. அவற்றின் பொறுப்பும் மாநிலங்களிடம் போய்விட்டது.

பெயர்தான் சிறு கனிமம். ஒவ்வொரு வீடும் சாலையும் பாலமும் இவற்றால்தான் எழுகின்றன. குத்தகை சிறியது, காலம் குறைவு, ஆள் மாறிக்கொண்டே இருப்பார். மேற்பார்வைக்கு ஆளில்லாத மாவட்டங்களில் ஏலம் எடுத்தவர் யார், இப்போது தோண்டுபவர் யார் என்பதே குழப்பம். பல மாநிலங்களில் குத்தகைதாரரிடம் டெபாசிட் வாங்கத்தான் செய்கிறார்கள். அது பெரும்பாலும் ஏலத் தொகையில் ஒரு பங்கு. குத்தகைப் பணம் ஒழுங்காக வந்து சேர வேண்டும் என்பதுதான் அதன் முதல் நோக்கம். பள்ளத்தின் ஆழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2012 பிப்ரவரி 27ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீபக் குமார் வழக்கில் அளித்த உத்தரவு இந்த இடத்தில்தான் கை வைத்தது. ஹரியானா அரசு பஞ்ச்குலா முதலிய இடங்களில் பாறை, கிராவல், மணல் குவாரிகளை ஒவ்வொன்றும் 4.5 ஹெக்டேருக்கு மேற்படாத துண்டுகளாக ஏலம் விட்டது. 5 ஹெக்டேருக்குக் குறைந்தால் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்பது அப்போதைய நிலை. துண்டு போட்டதன் அர்த்தம் கோர்ட்டுக்குப் புரிந்தது. இனி எவ்வளவு சிறிய குவாரியானாலும் அனுமதி வேண்டும் என்று உத்தரவிட்டது.

அந்த உத்தரவில் அவ்வளவாகப் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010 மார்ச்சில் தயாரித்த அறிக்கை ஒன்றை ஆறு மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் செயல்படுத்த வேண்டும் என்றது கோர்ட். கைவிடப்பட்ட குவாரிகளைச் சீராக்கத் தனி நிதி வேண்டும், எடுக்கும் கனிமத்தின் அளவுக்கு ஏற்ப அதில் பணம் கட்ட வைக்க வேண்டும், வேலையைக் கவனிக்க ஓர் அமைப்பும் வேண்டும் என்று அந்த அறிக்கை கூறியிருந்தது. ஹரியானா அதே ஆண்டு புதிய விதிகளை வகுத்துச் சீரமைப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தியது. குத்தகைதாரர்கள் தாங்கள் கட்டும் தொகையோடு அதற்கும் ஒரு பங்கு செலுத்த வேண்டும்.

பொது நிதி இருப்பது நல்லதுதான். யாரோ தோண்டி, யாரென்றே தெரியாமல் போன பழைய பள்ளங்களுக்கு அது ஒன்றே வழி. ஆனால் இனித் தோண்டப்போகும் பள்ளத்துக்கு அது போதாது. ஒழுங்காகச் சீராக்கியவரும் அதே பங்கு, விட்டுவிட்டு ஓடியவரும் அதே பங்கு என்றால் ஒழுங்காக இருப்பதில் யாருக்கு என்ன லாபம்? பொது நிதியில் கட்டிய பணம் யாருக்கும் திரும்ப வருவதில்லை. திரும்ப வரும் என்ற ஆசைதான் ஜாமீன் தொகையின் பலமே. 2015ல் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைப் பணத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்றவற்றுக்காக வந்தது அது. ஒரு குறிப்பிட்ட பள்ளத்துக்கு அது ஜாமீன் அல்ல.

கொலராடோவின் களிமண்

வேலையை அளந்து பணம் வாங்குவது நடக்கிற காரியமா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடக்கிறது. அதுவும் கிராவல் குழிகளில். அந்த மாநிலத்தில் டென்வர் நகருக்கு வடக்கே செளத் பிளாட் ஆற்றின் இருகரையிலும் நல்ல கிராவல் படுகை. சில மீட்டர் தோண்டினாலே நிலத்தடி நீர் தெரிந்துவிடும்.

கொலராடோவில் தண்ணீருக்கு முந்தியவருக்கே முதல் உரிமை. யார் முதலில் எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினாரோ அவர் பங்கு போகத்தான் அடுத்தவருக்கு. குழி தோண்டி நிலத்தடி நீரை வெயிலில் திறந்து வைத்தால் அது ஆவியாகும். ஆவியானது கீழே உள்ள விவசாயியின் தண்ணீர். கிராவல் குழியும் ஒரு கிணறுதான், அதற்கும் அனுமதியும் ஈட்டு நீரும் வேண்டும் என்று 1988ல் அந்த மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே சட்டம் வந்தது. 1980 டிசம்பர் 31க்கு முன் திறந்த குழிகளுக்கு விலக்கு. அதற்குப் பிறகு திறந்தவை ஆவியாகும் நீருக்கு ஈடு கட்டியாக வேண்டும், குவாரி மூடிய பிறகும்.

இதிலிருந்து விடுபட ஒரு வழி களிமண். கிராவலுக்குக் கீழே தண்ணீர் எளிதில் இறங்காத பாறைப் படிவு இருக்கிறது. குழியின் பக்கங்களில் ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கி, அடியில் அந்தப் பாறையோடு பிணைத்துவிட்டால் குழி ஒரு தொட்டி ஆகிவிடுகிறது. வெளியே உள்ள நிலத்தடி நீர் உள்ளே வராது. உள்ளே விட்ட நீர் வெளியே போகாது. டென்வர், அரோரா, தார்ன்டன் போன்ற நகரங்கள் இத்தகைய குழிகளைக் குடிநீர் சேமிக்கப் பயன்படுத்துகின்றன. குழிக்கே விலை உண்டு.

சிக்கல் எங்கே என்றால், களிமண் சரியாக இறுகாவிட்டால் கசியும். காய்ந்தால் வெடிக்கும். தண்ணீரை வேகமாக இறைத்தால் கரை சரியும். எனவே குழி தோண்டியவர் ‘களிமண் பூசிவிட்டேன்’ என்று சொன்னால் போதாது. மாநிலத்தின் தலைமை நீர்ப் பொறியாளர் அலுவலகம் சோதிக்கிறது. குழியை இறைத்துவிட்டு 90 நாள் உள்ளே எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்று அளக்கிறார்கள். 1999 ஆகஸ்டில் இதற்கென்று அளவுகோல் வகுக்கப்பட்டது. அந்த அளவுக்குள் இருந்தால்தான் குழி தொட்டி. இல்லையென்றால் இன்னும் குழிதான்.

பணம் இந்தச் சோதனையோடு கட்டப்பட்டிருக்கிறது. குவாரி அனுமதி கையில் வருவதற்கு முன்பே ஜாமீன் தொகை கட்ட வேண்டும். தொகையைக் கணக்கிடும் முறைதான் முக்கியம். குத்தகைதாரர் தன் சொந்த இயந்திரத்தை வைத்து எவ்வளவில் முடிப்பார் என்பதல்ல கேள்வி. நாளைக்கு அவர் காணாமல் போனால், அரசு வெளியிலிருந்து ஒரு கான்டிராக்டரைக் கூப்பிட்டு, அவர் இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கும் செலவு, மேற்பார்வைச் செலவு, அவருடைய லாபம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்பதே கேள்வி. குழி பெரிதானால் ஜாமீனும் பெரிதாகும்.

2010 ஏப்ரல் 30ஆம் தேதி மாநிலச் சுரங்கச் சீரமைப்புத் துறை கிராவல் குவாரிக்காரர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நிலத்தடி நீரைத் திறந்து வைத்திருப்பவர்கள் நான்கில் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது கடிதம். நீர்மட்டத்துக்கு மேலே 2 அடி வரை குழியை நிரப்ப ஆகும் செலவை ஜாமீனாகக் கட்டலாம். அல்லது களிமண்ணோ வேறு தடுப்புச் சுவரோ அமைக்கும் செலவைக் கட்டலாம். இல்லையேல் ஆவியாகும் நீருக்கு ஈடுகட்டும் திட்டத்துக்குத் தண்ணீர் கோர்ட்டின் ஒப்புதல் வாங்கலாம். அதுவும் இல்லாவிட்டால் தன்னிடம் உள்ள நீர் உரிமையை அதற்கென ஒதுக்கலாம். நான்குக்கும் அடிப்படை ஒன்றே: குவாரிக்காரர் போன பிறகும் கீழே இருப்பவரின் தண்ணீர் குறையக் கூடாது.

இந்த நான்கில் குவாரிக்காரரின் கண் களிமண் பக்கம் போவதில் ஆச்சரியமில்லை. நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழக் குழியை முழுக்க நிரப்ப 1 லட்சம் கன மீட்டர் மண் வேண்டும். பக்கங்களுக்கு மட்டும் களிமண் வைத்தால் அதில் ஒரு சிறு பங்கு போதும். முடிந்ததும் விற்கக்கூடிய ஒரு தொட்டியும் கையில் நிற்கும். லாபத்தைத் தேடியே போனாலும் சரியான வேலையில் போய் முடியும்படி விதி அமைந்திருக்கிறது.

வாக்கு அல்ல, பணம்

அமெரிக்காவும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அதே கொலராடோவில் சம்மிட்வில் என்ற இடத்தில் இருந்த தங்கச் சுரங்கத்தை நடத்திய கம்பெனி 1992 டிசம்பரில் திவாலானது. சயனைடு கலந்த நீர் தேங்கிய குட்டைகளை அப்படியே போட்டுவிட்டு வெளியேறியது. அரசு கையில் இருந்த ஜாமீன் 50 லட்சம் டாலருக்கும் குறைவு. சுத்தம் செய்ய ஆன செலவு 15 கோடி டாலரைத் தாண்டியது. மிச்சம் முழுதும் மக்கள் தலையில். மறு ஆண்டே அந்த மாநிலம் தன் ஜாமீன் விதிகளை இறுக்கியது.

நிலக்கரியில் வேறு பாடம். சில அமெரிக்க மாநிலங்கள் பெரிய கம்பெனிகளிடம் பணமோ பாங்க் கியாரண்டியோ கேட்காமல் ‘எங்கள் சொத்தே ஜாமீன்’ என்ற வாக்கை ஏற்றுக்கொண்டன. 2015 ஆகஸ்டிலிருந்து 2016 ஏப்ரலுக்குள் அப்படிப்பட்ட மூன்று பெரிய கம்பெனிகள் அடுத்தடுத்து திவால் மனு கொடுத்தன. மழைக்கு ஒதுங்கப் போனபோது குடையைக் காணோம். ஜாமீன் என்பது மூன்றாவது ஆளின் பணமாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் அறிவு.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின்படி ஒரு கம்பெனி கலைக்கப்பட்டால் பணம் பெறும் வரிசையில் அரசுக்குச் சேர வேண்டிய பாக்கி அடமானக் கடன்காரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பின்னால்தான் நிற்கிறது. பள்ளத்தை நிரப்ப வேண்டிய கடமை அந்த வரிசையில் கடைசி வரை காத்திருந்தாலும் கைக்கு எதுவும் வராமல் போகலாம். பாங்க் கியாரண்டி அந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. கம்பெனி விழுந்தாலும் பாங்க் கொடுத்தாக வேண்டும்.

இந்தியாவால் முடியாது என்றும் சொல்வதற்கில்லை. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2009ல் மத்திய அரசு ஒரு வழிமுறை வகுத்தது. திறந்தவெளிச் சுரங்கம் என்றால் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கம் என்றால் 1 லட்சம். ஒரே நாளில் கட்ட வேண்டாம். சுரங்கத்தின் ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் தவணையாகத் தனி பாங்க் கணக்கில் போட வேண்டும். கம்பெனி நினைத்தபோது எடுக்க முடியாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்த வேலையைச் சரிபார்த்து அதற்கேற்ப ஒரு பகுதியைத் திருப்பித் தரலாம். இதுவும் பரப்பை வைத்துப் போட்ட கணக்குதான். ஆனாலும் பணம் தனியே இருக்கிறது, வேலை நடந்தால் திரும்புகிறது. நிலக்கரிக்கு முடிந்தது கிராவலுக்கு ஏன் முடியாது?

சின்னக் குவாரிக்காரரின் கேள்வி

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. ஐந்து ஹெக்டேர் குவாரியை ஏலம் எடுத்தவர் பெரிய கம்பெனி அல்ல. இரண்டு டிப்பரும் ஒரு பொக்லைனும் வைத்திருப்பவர். அதிலும் பாதி கடன். கோடிக்கணக்கில் பணத்தை ஐந்தாண்டு முடக்கி வை என்றால் அவர் தொழிலை விட்டே போய்விடுவார். களத்தில் பெரிய கைகள் மட்டுமே மிஞ்சும். அல்லது அவரும் திருட்டுத்தனமாகத் தோண்டப் போவார்.

இதற்கு விடை தொகையைக் குறைப்பதல்ல, துண்டு போடுவது. ஐந்து ஹெக்டேரையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு ஹெக்டேரைத் திற. அதற்கு மட்டும் ஜாமீன் கட்டு. அடுத்ததைத் திறக்கும் முன் முதலாவதைச் சீராக்கிக் காட்டு. அதே ஜாமீன் அடுத்ததற்கு நகரும். ஆள் கையில் உள்ள பணமும் குறைவு, அரசு கையில் உள்ள அபாயமும் குறைவு. பக்கத்துப் பக்கத்தில் உள்ள சிறு குவாரிகளைத் தொகுப்பாகப் பார்க்க வேண்டும் என்று தீபக் குமார் உத்தரவு ஏற்ற அறிக்கையிலேயே இருக்கிறது. தொகுப்பாகச் சேர்ந்தவர்கள் ஜாமீனையும் சேர்ந்து கட்டலாம். அப்போது ஒருவர் ஓடினால் மற்றவர்கள் விடமாட்டார்கள்.

விலை ஏறாதா? ஏறும். கன மீட்டருக்கு 100 ரூபாயில் பள்ளத்தைச் சரிசெய்ய முடியும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் கன மீட்டருக்கு அந்த 100 ரூபாய் கிராவல் விலையில் சேரும். வீடு கட்டுபவர் கொடுப்பார். இன்று அந்தப் பணத்தை யாரும் கொடுக்கவில்லை என்று நினைக்கக் கூடாது. குவாரிக்குப் பக்கத்தில் கிணறு வற்றியவரும், மாட்டைப் பள்ளத்தில் பறிகொடுத்தவரும், பிள்ளையைப் பறிகொடுத்தவரும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பள்ளம் எப்போதும் சாபமாகத்தான் முடிய வேண்டும் என்பதுமில்லை. 2017 கோடையில் ஏரிகள் வற்றியபோது சென்னைக் குடிநீர் வாரியம் மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிக் கிடந்த நீரை எடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தது. கொலராடோ நகரங்கள் திட்டமிட்டுச் செய்வதைச் சென்னை நெருக்கடியில் செய்தது. அந்தக் குழிகளைத் தோண்டியபோது தொட்டி என்று நினைத்து யாரும் கரையைச் சரிக்கவில்லை, வேலி போடவில்லை. கடைசியில் என்னவாக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தால் பள்ளம் ஊருக்குச் சொத்தாக முடிந்திருக்கும்.

2020 ஜனவரி 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், சுரங்க வேலை முடிந்த நிலத்தில் மறுபடி புல் முளைக்கும்படி செய்வதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கால்நடைக்குத் தீவனம் வேண்டும், செடி கொடி வளர வேண்டும் என்பது அதன் நோக்கம். நிபந்தனைக்கு இந்த நாட்டில் என்றும் பஞ்சமில்லை. நிபந்தனை மீறப்படும் நாளில் செலவுக்கு எடுக்கப் பணம் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

அடுத்த முறை ஒரு ஊரில் குவாரிக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் அங்கே கேட்கத் தோதான கேள்விகள் நான்கு உண்டு. வேலை முடிந்தபின் இந்த நிலம் என்னவாக இருக்கும்? வெளியாள் ஒருவர் வந்து அதைச் செய்து முடிக்க இன்றைய விலையில் எவ்வளவு ஆகும்? அந்தப் பணம் யார் பெயரில், எந்த பாங்கில் இருக்கிறது? கியாரண்டி எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது? கடைசிக் கேள்வியை மறக்கக் கூடாது. குத்தகை முடிவதற்கு முன்பே காலாவதியாகும் கியாரண்டியைக் கொடுத்துவிட்டு, அதைப் புதுப்பிக்க மறப்பது மிகச் சுலபம்.